பிந்தித் தொடங்கிய நடை

மகளின் பிடரியில் கறுப்பு படிந்திருப்பதை ஒரு வெள்ளிக்கிழமை, அவளுக்குத் தலை சீவிவிடும்போதுதான் கண்டேன். பர்தாவுக்குள் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அழுக்கு என்று நினைத்துத் தேசிக்காயை (எலுமிச்சையை) வெட்டித் தேய்த்தேன்.

"உம்மா, எரியிது. உடுங்க" என்று அவள் கழுத்தைச் சுருக்கினாள். தோல் சிவந்ததே தவிர கறுப்பு போகவில்லை. தொட்டால் வெல்வெட் துணிபோலத் தடித்திருந்தது.

ஹப்ஸாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. வீடு நிந்தவூரில், என் கணவருக்குக் கல்முனை பஸாரில் புடவைக்கடை. மூவருமாகத்தான் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனோம்.

டொக்டரம்மா அவளுடைய கழுத்தைப் பார்த்ததுமே இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்த அன்று நிதானமாகச் சொன்னார்: "இது அழுக்கில்ல. உள்ளுக்க நடக்கிறதத் தோல் வெளியில காட்டுது."

அவளுக்கு இருந்தது இன்சுலின் எதிர்ப்பு (சீனியைக் கட்டுப்படுத்தச் சுரக்கும் இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத நிலை). சீனி வருத்தம் (நீரிழிவு) இன்னும் வரவில்லை. ஆனால் வாசலுக்கு வந்துவிட்டது.

"பள்ளிக்கூடம் விட்டு வந்தா பிள்ள என்ன செய்வா?" என்று கேட்டார்.

டியூஷன், குர்ஆன் மத்ரஸா, வீட்டுப் பாடம், பிறகு போன் என்று நான் சொன்னேன். எங்கே போனாலும் ஓட்டோவில்தான்.

"ஓடி விளையாடுறது?"

ஹப்ஸா முந்திக்கொண்டாள். "நான் பெரியபுள்ளயானதோட சைக்கிளையும் குடுத்துட்டாங்க டொக்டர்."

அதற்கு டொக்டர் சொன்னதை இதே நிலையிலிருக்கும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன்: "இப்ப இவவுக்கு மருந்து வேணாம், நடை வேணும். ஆனா பிள்ளைய மட்டும் நடக்கச் சொல்லாதீங்க. அது அவவுக்குத் தண்டனை மாதிரி இருக்கும். வீட்டோட நடங்க. அதுக்கு முதல் நீங்க ரெண்டு பேரும் சீனி பாருங்க."

நான் பார்த்தேன். எனக்கு இல்லை. கணவர், "எனக்கு ஒண்டுமில்ல, கடைய யாரு பாக்கிற" என்று தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டது அப்படியே கிடந்தது.

விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு நானும் மகளும் மேற்கே வயல் பக்கம் நடக்கத் தொடங்கினோம். முதல் நாள் வாய்க்கால் மதகு வரை போவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. மதகில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். விதைத்த வயலில் கொக்குகள் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் "கொக்குப் பாக்கப் போவமா?" என்று கேட்டால் வந்தாள். "நடக்கப் போவமா?" என்று கேட்டால் வர மாட்டாள்.

கணவரின் மூத்த ராத்தா (அக்கா) வந்து சத்தம் போட்டார். "வயசுக்கு வந்த புள்ளயக் கூட்டிக்கிட்டு ரோட்டு ரோட்டாத் திரியிறியாம். சனம் என்ன கதைக்கும்?"

"கதைச்சாக் கதைக்கட்டும் ராத்தா. நாளைக்குப் புள்ளைக்கு ஊசி போடணுமெண்டா சனமா வந்து போடும்?"

அவர் கோபித்துக்கொண்டு போனார். ஆனால் கொஞ்ச நாளில் தன் பேத்திமாரையும் கூட்டிக்கொண்டு அவரே எங்களோடு நடக்க வந்தார். அதன் பின் ஹப்ஸாவை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மத்ரஸாவுக்கு நடந்தே போனாள். ஒரு டியூஷன் வகுப்பை நிறுத்தினோம். அந்த நேரத்தில் முற்றத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கயிறு கட்டி, அவளும் அந்தப் பேத்திமாரும் பெட்மின்டன் அடித்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் கோடு கிழித்துக் கிளித்தட்டு விளையாடினார்கள்.

கடற்கரைக்குப் போகும்போது என் கணவரும் வருவார், மோட்டார் சைக்கிளில். நாங்கள் நடக்க, அவர் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவார். "பொம்புளயள் தனியப் போறீங்க, காவல் வேணாமா?" என்பார்.

"வாப்பா, இறங்கி நடங்களன்" என்று மகள் கெஞ்சுவாள்.

"கால் பஞ்சு கட்டின மாதிரி இரிக்கி மகள். நாள் முழுக்கக் கடையில நிண்டது."

நாங்கள் சிரிப்போம். அது சிரிக்கிற விஷயமில்லை என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

மாதங்கள் கழித்து ஹப்ஸாவின் இரத்தத்தைத் திரும்பப் பார்த்தபோது சீனி வழமைக்கு இறங்கியிருந்தது. பிடரியிலும் கறுப்பு மங்கத் தொடங்கியிருந்தது. டொக்டர் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று கணவர் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்தார்.

"இண்டைக்கு நானும் விளையாடுறன்" என்றார்.

கடற்கரையில் செருப்பைக் கழற்றி வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். எங்களுக்குக் கல்யாணமாகி அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கோட்டுக்குள் நின்று கையை விரித்துப் பிள்ளைகளை மறித்தார், விழுந்தார், எழும்பினார். ஹப்ஸா அவரை ஏய்த்துக்கொண்டு தாண்டி ஓடினாள். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

வீட்டு வாசலில் மகள்தான் கண்டாள். "வாப்பா, காலில ரத்தம்!"

உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, உடைந்த சிப்பித் துண்டு ஒன்று ஏறியிருந்தது. அவர் குனிந்து, வேறு யாருடையதோ காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எனக்கு நோகவே இல்லயே" என்றார், கொஞ்சம் பெருமையாக.

துண்டை எடுத்துவிட்டு மருந்துத்தூள் போட்டோம். நோகாத காயத்தை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பெருவிரலோரம் கறுத்து, காய்ச்சல் வந்து, நடுங்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"எவ்வளவு காலமாச் சீனி?" என்று சத்திரசிகிச்சை டொக்டர் கேட்டார்.

"தெரியாது சேர். பாத்ததில்ல" என்றேன்.

பாதத்தின் நரம்புகள் கெட்டுப்போயிருந்தன (நெடுநாள் கூடியிருந்த சீனி வலியையும் சூட்டையும் உணரவிடாமல் செய்துவிடும்). வலி தெரியாததால் அந்தக் காலுக்கு ஆபத்தும் தெரியவில்லை. பெருவிரலையும் அதற்கடுத்த விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று.

"அவர் விளையாடினது பிழையா சேர்?" என்று வார்டுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"விளையாடினது பிழையில்ல. முதல்லயே சீனி பாத்திருக்கணும், காலப் பாத்திருக்கணும். சப்பாத்துப் போட்டிருக்கணும்."

இதை வாசிப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். பிள்ளைகளோடு ஓடுங்கள், நடங்கள். அதற்கு முன் பெரியவர்கள் சீனி பாருங்கள். பாதம் விறைக்கிறது, பஞ்சுபோல இருக்கிறது என்றால் அதைக் களைப்பென்று விடாதீர்கள். சீனி இருந்தால் வெறுங்காலோடு இறங்காதீர்கள். சீனி பாருங்கள் என்று எங்களுக்கும் சொல்ல ஆளிருந்தது. போய்ப் பார்க்க அவருக்கு ஒரு காலைப்பொழுது கிடைக்கவில்லை.

அதன்பின் ஹப்ஸா நடப்பதை நிறுத்திவிட்டாள். பெட்மின்டன் மட்டை கதவுக்குப் பின்னால் கிடந்தது. சாப்பாட்டில் கை வைக்க மாட்டாள். ஒருநாள் வெடித்தாள்: "நான்தானே வாப்பாவ இறங்கச் சொன்ன."

கட்டுப்போட்ட காலை நீட்டியபடி கட்டிலில் இருந்தவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மகள், சீனி எனக்கு நீ பொறக்க முதலும் இரிந்திருக்கும். நீ கூப்பிட்டதாலதான் அது வெளியில வந்த. இல்லாட்டி ஒருநாள் கடையிலயே உழுந்து மௌத்தாகிருப்பன்." காலைக் காட்டிச் சொன்னார்: "ஒனக்குத் திரும்ப அந்த வருத்தம் வந்தா, இந்த விரல் போனத உட எனக்குப் பெரிய கவலை அதுதான். நீ நட."

அவள் அன்று நடக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. பிறகொரு காலையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

இப்போது அவருக்கென்று அளவெடுத்துச் செய்த சப்பாத்து இருக்கிறது. இரவு படுக்கப்போகும் முன் பாதங்களைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். அவர் உணராததை என் கண்தான் உணர வேண்டியிருக்கிறது. மருந்து எடுக்கிறார், மெல்ல நடக்கிறார். கடற்கரை வரை வந்து கதிரையில் இருந்துகொள்வார்.

அஸருக்கும் பொழுது சாயும் மஃரிபுக்கும் இடைப்பட்ட இந்தப் பின்னேர நேரம் முன்பும் எங்களுக்கு இருந்தது. தினமும் வந்தது. அவர் கடையில் நின்றார், மகள் வகுப்பில் இருந்தாள், நான் அடுப்படியில் நின்றேன். இரண்டு கால்களும் முழுதாக இருந்த காலத்தில் அவர் எங்களோடு ஓடியது ஒரேயொரு பின்னேரம். இப்போது அதே நேரம் எவ்வளவு நீளமாக இருக்கிறது என்று பார்க்கிறேன்.

நேற்று விளையாடி முடித்து, ஹப்ஸா செருப்பில்லாமல் அவரருகே வந்து நின்றாள். அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார்.

"மண் எப்பிடி இரிக்கி மகள்?"

அவள் விரல்களை மணலுக்குள் புதைத்தாள். யோசித்துச் சொன்னாள்: "மேல இன்னும் சூடு வாப்பா. உள்ளுக்க உட்டா நல்ல குளிர்."

அவர் ஆம் என்று தலையாட்டினார், தனக்கும் அது தெரிந்ததுபோல.