பக்கத்து வீட்டுக் கிணற்றில் வந்த மண்ணெண்ணெய் வாடை

இரண்டாம் உலக யுத்த காலம். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு தெருவில் நான் சொந்த வீடு கட்டிக் குடியேறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆத்தூரிலிருந்து வெறுங்கையோடு வந்து, துறைமுகத்தில் பஞ்சுப் பொதி சுமந்து, பிறகு பலசரக்குக் கடை வைத்து, முப்பத்தைந்து வயதுக்குள் மாடி வீடு கட்டினேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் மாடி. சிமெண்டு கிடைக்காத நாளில் சுண்ணாம்பு அரைப்பதிலிருந்து கதவு மாட்டுவது வரை கூடவே நின்று செய்து முடித்தேன். எந்த எஞ்சினீயரும் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை.

அந்த வீட்டில் எனக்குப் பெரிய பெருமை மாடி இல்லை, கக்கூஸ்தான். அப்போது தெருவில் பாதிப் பேர் கடற்கரைப் பக்கம் போவார்கள். மீதி வீடுகளில் ஆள் வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும். நான் யாரும் அள்ள வேண்டாதபடி குழி தோண்டிக் கட்டினேன். என் கிணறு வீட்டுக்கு மேற்கே இருந்தது. அதற்கு எட்டத்தில் இருக்கட்டும் என்று குழியைக் கிழக்கு மூலையில், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு அடியில் அவர்கள் கிணறு. அது என் கண்ணில் படவே இல்லை.

தோண்டியவர் விளாத்திகுளம் பக்கத்து ஆள். பன்னிரண்டு அடியில் ஈரம் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“மொதலாளி, ஊத்து வந்துட்டு. ரெண்டடி மண்ணைத் திரும்பப் போட்டு மேலயே நிறுத்திருவோம்.”

“கூலி வாங்குதவன் சொல்லுதத நான் கேக்கணுமா? இன்னும் மூணடி இறக்கும். தண்ணிக்குள்ள போனாத்தான் குழி ஆயுசுக்கும் நெறையாது.”

அவர் இறக்கினார். குழி நிறையவே இல்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கொழும்புத் தோணியில் போகிறவர். போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். வீட்டில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அந்த ஐப்பசி மழையில் இளைய பையனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. இரண்டு வயது. நாலே நாளில் போய்விட்டான். தகப்பன் முகம் பார்க்காமலே எடுத்துக்கொண்டு போனோம். குழிமேட்டில் முதல் பிடி மண் போட்டவன் நான்தான். ஊரில் மழைக்காலத்தில் நடக்கிறதுதானே என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

தை பிறந்து மூத்த பெண் அதேபோல் படுத்தாள். ஆறு வயது. பார்க்க வந்த கம்பவுண்டர் கிணற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சுவருக்கு மேலே தெரிந்த என் கக்கூஸைப் பார்த்தார். நேரே என் கடைக்கு வந்தார். பிள்ளைகளின் தாயும் பின்னாலேயே வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, ஒங்க குழி எத்தனை அடி?” என்று கேட்டார் அவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எங்க வீட்டுல ஏழு பேரு இருக்கோம். யாருக்காவது ஒரு தலைவலி உண்டா? அந்தக் குழியில குத்தம்னா மொதல்ல எங்களையில்லா கொண்டுபோயிருக்கணும்!”

“ஒங்க கிணறு மேக்க இருக்கு. தரைக்குள்ள தண்ணி கிழக்க கடலைப் பாத்துல்லா ஓடுது. சந்தேகம்னா ரெண்டு போத்தல் மண்ணெண்ணெய குழியில ஊத்திப் பாருங்க. கலந்தா வாடை காட்டிக் குடுத்துரும்.”

மண்ணெண்ணெய் அப்போது ரேஷன். கடைக்காரன் என்பதால் எனக்குத் தட்டுப்பாடு இல்லை. அந்தத் தாயைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்க வைத்து, அவள் பார்க்கவே ஊற்றினேன்.

“வீட்டுல விளக்குக்குக் கால் போத்தல் கேட்டா மூஞ்சிய காட்டுவீய. கக்கூசுக்கு ரெண்டு போத்தலா?” என்றாள் என் மனைவி.

“நம்ம வீட்டு மானத்துக்கு” என்றேன் நான்.

ஆறாம் நாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம். பக்கத்து வீட்டுக்காரி வந்து ஒரு செம்பைப் பலகையில் வைத்தாள்.

“மோந்து பாருங்க அண்ணாச்சி.”

மோந்தேன். வாடை இருந்தது. ஆனாலும் மனசு எப்படிப் போகிறது பாருங்கள். இவளே ஊற்றிக் கொண்டுவந்திருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் வீட்டு வாளியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அவள் கிணற்றுக்குப் போனேன். நானே இறைத்தேன். வாளித் தண்ணீரின் மேலே பல நிறத்தில் எண்ணெய் படர்ந்து வெயிலில் மினுங்கியது. வாளியைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தேன். இளையவன் ஐப்பசியில் குடித்ததும் இந்தத் தண்ணீர்தானே.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“ஒண்ணும் சொல்லாதீய. எங்க வீட்டு ஆளு மாசியில வந்துருவாரு. அவரு கோவக்காரரு. தெரிஞ்சா ஒங்கள வெட்டிட்டு செயிலுக்குப் போயிருவாரு. எனக்கு மிச்சம் இருக்கது இந்தப் பிள்ளையும் அந்த மனுசனுந்தான். சின்னவன் மழைக்கால நோவுல போனான்னே இருக்கட்டும். ஒங்களுக்காகச் சொல்லுதேன்னு நெனச்சிராதீய.”

அன்று சாயங்காலத்துக்குள் குழியைக் கல்லும் மணலும் போட்டு மூடினேன். என் கிணற்றில் அவர்கள் தண்ணீர் எடுக்கச் சுவரை இடித்து வழி விட்டேன். கம்பவுண்டரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவரும் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. மூத்த பெண் மெல்ல மெல்லத் தேறி எழுந்து உட்கார்ந்தாள்.

மாசியில் அவர் வந்தார். பையனுக்காக இரண்டு நாள் அந்த வீட்டிலிருந்து ஒரே அழுகை. மூன்றாம் நாள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கொழும்புத் தேயிலைப் பொட்டலம் ஒன்றோடு என் கடைக்கு வந்தார். மனைவியும் கூட வந்திருந்தாள்.

“அண்ணாச்சி, சின்னவன் விதி அவ்வளவுதான். மூத்தவள நீங்கதான் காப்பாத்துனீயளாம். சுவரை இடிச்சி தண்ணி விட்டீயளாமே. கூடப் பொறந்தவன்கூடச் செய்யமாட்டான்” என்று சொல்லி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சொந்தத்துக்கு மூன்று வீடு கட்டிவிட்டேன், இரண்டை நல்ல விலைக்கு விற்றும் விட்டேன். வீடு கட்டுகிறவர்கள் இன்றும் என்னிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். குழியின் அடி ஈரத்தைத் தொடக் கூடாது, உன் கிணற்றைப் பார்க்கும் முன் அடுத்த வீட்டுக் கிணற்றைப் பார் என்று சொல்கிறேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் அனுபவம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். புருஷன், மனைவி இருவரும் காலமாகிவிட்டார்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

எத்தனையோ பேரிடம் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன், அதில் பாதி மறந்துபோயிற்று. எனக்குச் சேராத அந்த ஒரு கும்பிடுதான் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.