நீலமாக இருந்த இடம்

குணசுந்தரி எண்ணூர்க் கரையில் மீன் விற்றுப் பிழைப்பவள். உலகப் படம் என்று ஒன்றை அவள் நின்று பார்த்தது இரண்டாயிரத்து மூன்றில், பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில்தான். மூச்சுக் கோளாறால் குழந்தைகள் அதிகம் சாகிற நாடுகளுக்குச் சிவப்பு பூசிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அவள் மகள் ஜெயஸ்ரீக்கும் அந்த இழுப்புதான். படுத்தால் நெஞ்சு விசிலடிக்கும்.

"எங்க ஊரு எங்க கீது டாக்டரம்மா?"

டாக்டரம்மா பென்சிலை வைத்தாள். அந்த முனைக்கடியில் எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் எல்லாமே அடங்கிவிட்டன.

"பக்கத்துலயே நீலமா கீதே, அது?"

"அது கடலும்மா."

கடலுக்குப் பூசும் வண்ணம், அவ்வளவுதான். ஆனால் காயப்போட்ட துணியிலிருந்து தினமும் அனல்மின் நிலையச் சாம்பலை உதறுகிறவளுக்கு அது நல்ல காற்று இருக்கிற இடமாகப் பட்டது. தப்பென்று எப்படிச் சொல்வது? கரையை விட்டு விலகினால் புகைநெடி போய்விடும் என்று படகில் மீன்பிடிக்கப் போகிற அவள் புருஷன் கருணாகரனே சொல்லியிருக்கிறான்.

அன்றே அவனைப் பிடித்துக்கொண்டாள். "யோவ், புள்ளைய ஒரு தபா படகுல இட்டுகினு போய்யா. நல்லா மூச்சு வுடட்டும்."

"இன்னாம்மே, தெரிஞ்சிகினே பேசுற? பொம்பள ஏறுனா தொழிலு வெளங்குமா?"

"அவ கொயந்தய்யா!"

"பொட்டப்புள்ளதான?"

பாழாய்ப்போன கட்டுப்பாடு! மகள் மேல் உயிரையே வைத்திருந்தவன்தான். இழுப்பு வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவன்தான். படகென்றதும் கல்லாகிவிட்டான். "எப்ப நைனா இட்டுகினு போவ?" என்று ஜெயஸ்ரீயே கேட்டாலும், "ஆவட்டும் கண்ணு" என்று நழுவுவான்.

ஐப்பசி மழையில் இழுப்பு முற்றியது. ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள், ஆட்டோவில், தாய் மடியிலேயே அந்த விசில் நின்றுபோனது. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

எரித்த மறுநாள், அஸ்தி கரைக்க அதே படகைத் தள்ளினார்கள். கருணாகரன் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினான். கூடத் தொழிலுக்குப் போகிறவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை.

"யோவ்!" குணசுந்தரி தண்ணீருக்குள் இறங்கி நின்று கத்தினாள். "இப்ப மட்டும் அவ பொட்டப்புள்ள இல்லியாய்யா?"

அவன் அழுதுகொண்டே கையை நீட்டினான். "நீயும் வாம்மே."

"நான் எதுக்குய்யா?" என்றாள் அவள். "எனக்கு மூச்சு நல்லாத்தான் கீது."