கொடை நாளில் அந்தமான்

1. போன வருடம் அம்மா அப்பாவின் திருமண நாளுக்காக, அவர்களிடம் சொல்லாமலே எங்கள் மூவருக்கும் அந்தமானுக்கு விமான டிக்கெட் எடுத்தேன்.
2. மழை, விடுதி, படகு, அப்பாவின் மாத்திரை என்று எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.
3. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா எப்போது என்று மட்டும் கேட்கவில்லை.

மென்பொருள் சோதிப்பது என் வேலை. பட்டியல் போடாமல் எதையும் தொடமாட்டேன். டிக்கெட்டைக் காட்டியபோது அப்பா தேதியையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்குட்டி" என்றார். அவ்வளவுதான்.

அங்கே மூன்றாம் நாள் காலை, கடற்கரையில் நின்றபோது ஊரிலிருந்து சித்தப்பா என்னைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். அவருக்குப் பின்னால் மேளச் சத்தம்.

"ஏட்டி, இன்னைக்குக் கொடை. இருவது வருசமா சாமியாடுன மனுசன அங்கன கொண்டுபோயி என்ன செய்யுதே? மீனுக்குப் பொரி போடுதியளோ? அவரு சாமியாடுத கச்சைய நான்லா இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கேன்!"

ஸ்பீக்கரில் மேளம் கேட்டதும் அப்பாவின் கால்கள் சாமி வந்ததுபோல் ஆடத் தொடங்கின. அவசரமாகப் போனை அணைத்தேன்.

"ஏம்ப்பா சொல்லல?"

"நீ அம்புட்டு ஆசையா வந்து நின்னே. எப்படிட்டி வேண்டாம்னு சொல்ல?"

இப்போதெல்லாம் அவர்களைக் கேட்ட பிறகுதான் பட்டியலையே தொடங்குகிறேன். ஆனால் எங்கள் ஊர் வழக்கப்படி, கச்சை ஒருவர் இடுப்புக்குப் போய்விட்டால் அது அவருக்குத்தான். இந்த வருடக் கொடையிலும் சித்தப்பாதான் ஆடினார். அப்பா கூட்டத்தோடு நின்று திருநீறு வாங்கிக்கொண்டார்.