ஓரமா போ பாப்பா

இன்று அரசலாற்றில் என் மகளுக்கு முதல் பாய்மரப் படகுப் போட்டி. கோவில்பத்திலிருந்து வரும்போதே அவளுடைய மிதவை உடையை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

கொடி அசைத்ததும் ஆறு படகுகளும் ஆற்றின் நடுவுக்குப் போயின. நான் கரையில் நின்று கத்தினேன்.

"ஓரமா போ பாப்பா. ஓரமாவே போ."

வீட்டில் ஒரு பேச்சும் கேட்காதவள், ஆற்றில் கேட்டுவிட்டாள். தனியாக ஓரத்துக்கு வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நடுவில் காற்று நின்றுபோய், ஐந்து பாய்களும் துவண்டன. ஓரத்தில் மட்டும் நல்ல காற்று. இவள்தான் முதலில் வந்தாள்.

பயிற்சியாளர் ஓடி வந்தார். "அங்க காத்து இருக்குன்னு எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?"

"ஒரு கணிப்புதாங்க."

அடுத்த வாரம் மற்ற பிள்ளைகளுக்கும் நான் சொல்லித்தர வேண்டுமாம்.

தினமும் அவள் சைக்கிள் எடுக்கும்போது சொல்வதைத்தான் கத்தினேன் என்று யாரும் அவரிடம் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.