ராகுகாலத்தில் ஒரு பெயர் நீக்கம்

இன்சூரன்ஸில் யார் யாரைச் சேர்க்கணும் என்று கேட்டு வாங்கும் எச்.ஆர். வேலை, அடுத்த வீட்டுப் பஞ்சாயத்தில் சம்பளத்துக்கு உட்காருகிற வேலை. என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

இரண்டில் ஒன்று

மலையாள ஊரான கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் கம்பெனியின் விதி இதுதான்: மனைவி, பிள்ளைகளோடு சொந்த அப்பா அம்மாவைச் சேர்க்கலாம், அல்லது மாமனார் மாமியாரை. இரண்டு ஜோடியும் கிடையாது. மாற்றுவதென்றால் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை.

கரமனையிலிருந்து வரும் கண்ணன் அப்பா அம்மாவைப் போட்டிருந்தான். அவன் மாமனாருக்கோ பைபாஸ் செய்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைக்காசில் ஆகிற காரியமா அது? மனைவி கோமதி வாய்விட்டுக் கேட்கவில்லை; இவனும் அம்மாவிடம் பேச்செடுக்கவில்லை. தினமும் என் மேஜை முன்னால் மட்டும் வந்து நின்றான்.

"மேடம், நீங்களே ஒண்ணைத் தட்டிவிடுங்கோ. நான் பாக்கலைன்னு சொல்லிடறேன், கேட்டோ!"

அம்மா பேசுகிறாள்

எனக்கு வந்ததே கோபம். "முதல்ல வீட்டில போய்ப் பேசு!" என்று விரட்டினேன். மறுநாள் அவன் அம்மாவே போனில் வந்தாள்.

"சம்பந்திக்கு இருதயம், எனக்கு முட்டி. இதுல யோசிக்க என்ன இருக்கு? எங்க ரெண்டு பேர் பேரையும் எடுத்துடும்மா."

வெள்ளிக்கிழமை

பெயர் மாற்றுகிற இணையப் போர்ட்டல் அந்த வெள்ளி பகல் பன்னிரண்டுக்கு மூடும். பதினொன்று நாற்பதுக்குப் பார்க்கிறேன், கண்ணன் எதையுமே மாற்றவில்லை. ஓடினேன். திரையில் மாமனார் மாமியார் பெயரை நிரப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பழைய பெயர் போவதும் புதுப் பெயர் ஏறுவதும் ஒரே பொத்தானில். அதை அமுக்க ராகுகாலம் முடியணுமாம், அம்மா சொல்லியிருக்கிறாளாம்.

"ராகுகாலம் முடியறப்போ போர்ட்டலும் மூடிடுமேப்பா!" என்று கத்தினேன். அம்மா சொல்லாமல் தொடமாட்டானாம். நானே அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். உடனே பதில் வந்தது.

"சேக்கறதுக்குத்தானே நல்ல நேரம் பாக்கணும்? எங்க பேரை எடுக்கறதா நெனச்சுண்டு அமுக்கச் சொல்லும்மா!"

அமுக்கினான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த மாமனார், சம்பந்தியம்மாளின் முட்டிக்குத் தைலம் வாங்க இப்போது கடைக்கு நடந்தே போகிறார். எங்கள் போர்ட்டலில்தான் இன்னமும் சம்பந்திக்கு ஒரு கட்டம் கிடையாது.