மூன்றாவது வரிசையில் ஒரு மேசை

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். இது என் மச்சினிக்கு நடந்தது. பேய்ப் படம் பார்க்க உட்கார்ந்தால் பாதியில் குறட்டை விடுகிற ரகம் அவள். கட்டட வரைபடம் போடுவதுதான் வேலை.

பழைய கிடங்கு ஒன்றைப் பள்ளிக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு மதியம், ஆபீசில் தனியாக உட்கார்ந்து வகுப்பறை வரைபடத்தில் மேசைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய வேலை இல்லை. ஒரு மேசையை வரைந்து, எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை, நடுவில் எவ்வளவு இடம் என்று சொன்னால் போதும். மீதியைக் கம்ப்யூட்டரே கட்டம் கட்டி நிரப்பிவிடும்.

ஐந்து வரிசை. வரிசைக்கு ஆறு. தட்டினாள்.

இருபத்தொன்பது மேசைகள்தான் வந்தன.

மூன்றாவது வரிசையில், ஜன்னலுக்கு நேரே ஒன்று இல்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதே ஓட்டை. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்ப ஆன் செய்து பார்த்தாள்... அதேதான்.

கணவனுக்குப் போன் செய்தாள். அவனுக்கும் இதே தொழில்.

"முப்பதுன்னு சொன்னா முப்பதுதாம்மா வரும். மொத்தமா கொஞ்சம் நகர்த்திப் பாரேன்."

எல்லாவற்றையும் ஒரு மேசை தள்ளி நகர்த்தினாள். காணாமல் போன மேசை வந்துவிட்டது. ஆனால் இப்போது அதன் பக்கத்து மேசை இல்லை.

ஓட்டை நகரவே இல்லை. அறையில் அதே இடம்.

ஒரு மேசையைத் தனியாக எடுத்துவந்து அங்கே வைத்தாள்.

கர்ர்ர்ர்...

முதுகுக்குப் பின்னால். தரையில் மரத்தை இழுக்கிற சத்தம்.

திரும்பினாள். யாரும் இல்லை.

திரையைப் பார்த்தாள்.

மேசை இல்லை.

பையைக்கூட எடுக்காமல் ஓடிவந்துவிட்டாள்.

மறுநாள் அந்த இடத்தைக் காலியாக விட்டே வரைபடத்தை அனுப்பினாள். தலைமையாசிரியை போனில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு பிள்ளை மட்டும் எங்க உட்காரும்? என் மடியிலயா?"

"அங்க மட்டும் வேண்டாம் டீச்சர்... தயவுசெஞ்சு."

காரணம் கேட்டார். வேண்டாம் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கடைசியில் அங்கேயும் மேசையைப் பொருத்தச் சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி தரையைத் துளைத்தார். பொலபொலவென்று தரை உள்வாங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார்.

கீழே வறண்ட கிணறு. எந்தப் பழைய வரைபடத்திலும் இல்லாத கிணறு.

விளக்கை இறக்கிப் பார்த்த மேஸ்திரி, பிறகு அவளிடம் சொன்னார்.

"அடியில ஒரு சின்ன மேசைம்மா. பிள்ளைங்க மேசை. நேரா நிக்குது. மேல இருந்து அவ்வளவு மண்ணு கொட்டியிருக்கு... அது மேல மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்ல. இப்பதான் யாரோ துடைச்ச மாதிரி..."