பின்னால் நிற்கிறவள்

தளம் பூசுகிற கொத்தனாருக்கு முன்பக்கம் மட்டும்தான் கண். குத்தவைத்து உட்கார்ந்து, மட்டப்பலகையைத் தன் பக்கமாக இழுத்துச் சாந்தைச் சமன் செய்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிக்கொண்டே வருவார். திரும்பிப் பார்த்தால் மட்டம் போய்விடுமாம். போகிறதோ இல்லையோ, கொத்தனார் வேல்சாமி திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்குப் பின்னால் பார்க்கிற வேலை, சித்தாளாகக் கூட வருகிற அவர் மனைவி ஆவுடைத்தாயுடையது. சாந்துச் சட்டியை இறக்கிவிட்டு விளிம்பருகே நின்று, அவர் முதுகு நெருங்கியதும் "போதும்" என்பாள். அவர் நின்றுவிடுவார். கல்யாணமான கையோடு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த நாள்முதல் இதுதான் ஏற்பாடு. வீட்டில் அவள் பேச்சு எதுவும் எடுபடாது. குடியை விடச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். மாடியில் மட்டும் அவள் சொன்னால் சொன்னதுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தொண்ணூற்றெட்டில் கரமனை ஆற்றை ஒட்டி ஒரு மூன்று மாடிக் கட்டடம் எழும்பியது. எஞ்சினியர் ஷைலஜா சின்ன வயதுக்காரி, ஆனால் கண்டிப்பானவள். வேறெங்கோ ஒருவன் மாடியிலிருந்து விழுந்து செத்தான் என்று கேள்விப்பட்டு, சுவர் வராத விளிம்புகளில் எல்லாம் சவுக்குக் கம்பு குறுக்கே கட்டச் சொன்னாள். இடுப்பு உயரத்தில் ஒன்று, முழங்காலுக்கு ஒன்று.

"நாங்க என்ன ஆட்டுக்குட்டியா, கெடை போட்டு அடைக்கதுக்கு?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுச் சிரிக்க வைத்தவர் வேல்சாமிதான். கம்பு வந்த சில நாளிலேயே அதற்குப் பழகியவரும் அவர்தான். முதுகில் கீழ்க்கம்பு முட்டும், நின்றுகொள்வார். அவள் பின்னால் காத்து நிற்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் இன்னொரு சட்டி சாந்து வந்து சேர்ந்தது. "போதும்" என்கிற சொல் குறைந்துபோனதா, அடியோடு நின்றேபோனதா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க அங்கே யாருக்கு நேரம்?

ஜூனில் தொடங்குகிற எடவப்பாதி மழைக்கு முன்னால் மொட்டைமாடித் தளத்தை முடித்தாக வேண்டியிருந்தது. படிக்கட்டும், சாமான் ஏற்றுகிற கப்பியும் ஒரே பக்கம் இருந்தன. ஆகவே பூசிக்கொண்டே அந்தப் பக்கம்தான் பின்வாங்கி வரவேண்டும். அன்று மத்தியானம் செங்கல் ஏற்றுவதற்கு வழிவிட, கப்பி இழுக்கிற யோசுவா அங்கே இருந்த கம்பு இரண்டையும் அவிழ்த்து வைத்தான். ஏற்றி முடித்ததும், டீ குடித்துவிட்டு வந்து கட்டிக்கொள்ளலாம் என்று கீழே போனான். வேல்சாமி பூசிக்கொண்டே பின்வாங்கி வந்தார். ஆவுடைத்தாய் அலறியபோது மட்டப்பலகை மட்டும் ஈரச் சாந்தில் கிடந்தது.

சன்ஷேடில் மோதி மணல் குவியலில் விழுந்ததால் உயிர் தங்கியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

"ஆவுடை, சத்யம் பற. நீ விளிச்சோ இல்லயோ?" என்று ஷைலஜா ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கேட்டாள். குரல் கொடுத்தாளா இல்லையா, அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். கோபமாகக் கேட்கவில்லை.

ஆவுடைத்தாய் அன்றைய மத்தியானத்தை நினைத்துப் பார்த்தாள். விளிம்பருகே தான் நின்றதும், "போதும்" என்று சொன்னதும் கண்ணுக்குள் தெளிவாக இருந்தன. ஆனால் அங்கே நின்றிருந்தால் கம்பு இல்லாதது தெரிந்திருக்காதா? அப்படியென்றால் அது வேறு ஏதோ ஒரு நாள். சட்டியோடு நடந்துகொண்டிருந்ததும் அதே அளவு தெளிவாக இருந்தது. அதுவும் வேறு ஒரு நாளாக இருக்கலாம். "சொன்னேன்" என்று தனக்குள்ளே சொல்லிப் பார்த்தாள், பொய் போலிருந்தது. "சொல்லல" என்று சொல்லிப் பார்த்தாள், அதுவும் பொய் போலவே இருந்தது.

யோசுவா வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எக்கா, கம்ப அவுத்தாச்சுன்னு நான் சொன்னேன்லா. யாருட்ட சொன்னேன்னுதான் ஓர்மை வரல." அவனைத் திட்டலாமென்றால், அவன் சொன்னது தன்னிடம்தானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வேல்சாமிக்குப் பேச்சு வந்ததும் அவரே சொன்னார். "நீ சொன்ன. நான் காதால கேட்டேன். கம்பு கட்டிக் கெடக்குல்லான்னு நெனச்சு நாந்தான் இன்னும் ஒரு எட்டு பின்னால வந்தேன்."

அவள் கட்டிலடியில் உட்கார்ந்து நன்றாக அழுது தீர்த்தாள். அந்த நிம்மதி மறுநாள் காலைக்காப்பி வரைதான் இருந்தது. தனக்காகப் பொய் சொல்கிறாரோ? மனிதருக்குப் பொய் சொல்ல வரும்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன பொய்யெல்லாம் அவருக்காகத்தான். இவளைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லக்கூடிய ஆளா இவர்? ஆம் என்றால் சந்தோஷப்படுவதா, அழுவதா என்றும் அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த வருஷம் அவர் ஒரு காலை இழுத்து இழுத்து வேலைக்கு வந்தார். புதிய கட்டடத்தில் ஷைலஜா அவருக்குத் தரைத்தள வேலை மட்டும் கொடுத்திருந்தாள். அவருக்கு அது பொறுக்கவில்லை. "நாளைக்கு மேல போறேன்னு மேடத்துட்ட கேட்டிருக்கேன். நீ பின்னால நிக்கும்போது எனக்கென்ன?" என்றார். ஆவுடைத்தாயும் பாதி மனதாகத் தலையாட்டியிருந்தாள். தான் சொன்னது உண்மையென்றால், அவர் கேட்டதும் உண்மையென்றால், இனிமேலும் கேட்பார் அல்லவா?

அன்று சாயங்காலம் கடைசி அறை. அவர் பின்வாங்கி வந்துகொண்டிருந்தார், பின்னால் வாசலை ஒட்டிப் பூசாத செங்கல் சுவர். அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். வாயைத் திறக்க வேண்டாம் என்று திடீரென்று தோன்றியது. சுவர்தானே, எங்கே விழப் போகிறார்? பார்த்துவிடுவோமே என்று உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். பலகை சரக் சரக்கென்று இழுபட்டது. முதுகு சுவரை நெருங்கியது.

"கேட்டாச்சு, கேட்டாச்சு. எத்தன வாட்டி சொல்லுவ?" என்றார் வேல்சாமி.

சொல்லிக்கொண்டே இன்னும் ஓர் எட்டு பின்னால் வந்தார். முதுகு சுவரில் இடித்தது.

கடித்த உதட்டை அவள் இன்னும் விடவில்லை. மனிதர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கும் அவர் காதில் விழுந்துதான் இருக்கிறது. அவள் சொன்னாளா என்பது மட்டும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

கையைக்கூடக் கழுவாமல் ஷைலஜாவிடம் போனாள்.

"மேடம், எங்க வீட்டாள மேல விடாதீங்க. யாரு போனாலும் கம்பு கட்டணும். கட்டுன கம்ப அவுக்கக் கூடாது. கப்பிய வேற பக்கம் மாத்துங்க."

"எந்து பற்றி? நீ உண்டல்லோ பின்னில்?" என்ன ஆயிற்று, பின்னால் நிற்கத்தான் அவள் இருக்கிறாளே என்று ஷைலஜாவுக்குப் புரியவில்லை.

"என்னைய நம்பாதீங்க மேடம்" என்றாள் ஆவுடைத்தாய். "நான் வாயத் தொறக்காட்டியும் அவுகளுக்குக் கேக்கு."